அம்மப்பாவின் வானொலியும் தேசிய சேவையின் புதிய குரல்களும்

கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு மாணவர் இங்கே கேட்டிருக்கும் கேள்வி இது: "என்னுடைய அம்மப்பா நாள்தோறும் தேசிய வானொலியைப் போட்டுவிட்டு, 'இப்ப வாற அறிவிப்பாளருக்குத் தமிழும் தெரியாது, சனத்தையும் தெரியாது' என்று குறை சொல்கிறார். என் வயதில் எவரும் அதைக் கேட்பதே இல்லை. உண்மையிலேயே தரம் குறைந்துவிட்டதா, அல்லது இது வயதானவர்களின் பழைய நினைவு மட்டுந்தானா?" கேள்வி தரத்தைப் பற்றியதுபோல் இருந்தாலும், அம்மப்பாவின் சொற்களில் இரண்டு குறைகள் உள்ளன. தமிழ் தெரியாது என்பது ஒன்று. சனத்தைத் தெரியாது என்பது மற்றது. முதலாவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதுதான் கனமானது என்று நான் நினைக்கிறேன். ஆகவே இரண்டையும் பிரித்தே பதில் எழுதுகிறேன்.

நான் 1986 முதல் கிளிநொச்சியிலும், 1996 இல் இடம்பெயர்ந்த பின்னர் மல்லாவியிலும், மீள்குடியேற்றத்தின் பின் மறுபடியும் கிளிநொச்சியிலும் வானொலிப் பெட்டிகளைத் திருத்தி வருபவன். இளமையில் ஒரு நேயர் மன்றத்தின் செயலாளராகவும் இருந்தேன். திருத்துபவனுக்கு மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒரு சான்று கிடைக்கும். பழுதான பெட்டி மேசைக்கு வரும்போது அதன் முள்ளு எந்த இடத்தில் நிற்கிறதோ, அதுவே அந்த வீடு கடைசியாகக் கேட்ட நிலையம். டயல் நூல் அறுந்த பெட்டியைக் கொண்டுவந்த ஒரு கமக்காரர், "நூலை மாத்துங்கோ, ஆனால் முள்ளு நிக்கிற இடத்தை மட்டும் மாத்திப்போடாதையுங்கோ" என்று சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அதேவேளை, இந்தச் சான்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். திருத்திப் பாவிக்கும் அளவுக்கு வானொலியை விரும்பியவர்களே என்னிடம் வந்தார்கள்; கேட்பதை விட்டவர்கள் என் மேசைக்கு வந்ததில்லை. எனவே நான் கண்டவை கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னிப் பகுதி முழுவதற்குமான கணக்கெடுப்பாகா.

முதலில், பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. 1967 ஜனவரி 5 இல் அது கூட்டுத்தாபனமாகியது. 1972 இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. தமிழில் அங்கே தேசிய சேவை, வர்த்தக சேவை என இரண்டு சேவைகள் இருந்தன. நாங்கள் அவற்றைச் சேவை ஒன்று, சேவை இரண்டு என்போம். அந்தக் காலத்து அறிவிப்பாளர்களைப்போல் இனி வராது என்று சொல்பவரிடம் யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் பெயர்களே வரும். இவர்களுடைய புகழ் பெரும்பாலும் வர்த்தக சேவையில் பிறந்தது. திரைப்பாடலும் விளம்பரமும் நேயர் விருப்பமும் அங்கேதான் இருந்தன. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஏறக்குறைய விலக்கிவைத்தபோது, தமிழ்நாட்டு வீடுகளும் இலங்கை வானொலியைத் தேடத் தொடங்கின. அந்தப் பெருங்கூட்டத்துக்குப் பேசிய குரல்களோடு, செய்தியும் கர்நாடக இசையும் கல்வி ஒலிபரப்பும் சமய நிகழ்ச்சியும் கொண்ட தேசிய சேவையின் இன்றைய குரல்களை ஒப்பிடுவது நியாயமாகாது. வர்த்தக சேவையின் வழிவந்தது இன்றைய தென்றல் பண்பலை. ஆகவே அம்மப்பா எந்த நிலையத்தின் எந்தக் குரலை நினைத்துக் குறை சொல்கிறார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அவருடைய நினைவில் இரண்டு சேவைகளும் ஒரே பெட்டியின் ஒரே குரலாகக் கலந்திருக்கக்கூடும். எனக்கும் அப்படிக் கலந்திருந்தது.

இனி, தமிழ் தெரியாது என்ற குறை. உச்சரிப்பு மாறியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. லகர, ளகர, ழகரங்களைப் பிரித்துச் சொல்வது, ஒரு நீண்ட வாக்கியத்தை மூச்சு முறியாமல் முடிப்பது, ஆங்கிலச் சொல் தேவைப்படாத இடத்தில் அதை நுழைக்காமல் இருப்பது ஆகியவை முன்பு அறிவிப்பாளரின் அடிப்படைத் தகுதிகளாக இருந்தன. ஆயினும் இதற்கு இளையவர்களின் அசட்டையே காரணம் என்று சொல்ல நான் உடன்படமாட்டேன். வேலையே மாறிவிட்டது. அக்காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு எழுத்துப் பிரதி இருந்தது; அதைப் பார்க்க ஒரு தயாரிப்பாளர் இருந்தார்; ஒலிப்பதிவைக் கவனிக்க வேறொருவர் இருந்தார். நாடகமென்றால் ஒத்திகை இருந்தது. தவறிய வரியை மீண்டும் பதிவு செய்யலாம். இன்றைய நேரடி நிகழ்ச்சியில் ஓர் இளைஞர் தனியாக அமர்ந்து, கணினியில் பாடலைத் தெரிவு செய்து, தொலைபேசியில் வரும் நேயரோடு பேசி, கைத்தொலைபேசிக்கு வரும் செய்திகளை வாசித்து, இடையில் நேரத்தையும் சொல்கிறார். எழுதிவைத்து வாசித்த தமிழையும் அந்தக் கணத்தில் வாயில் வரும் தமிழையும் ஒரே தராசில் வைத்தால், இரண்டாவது எப்போதும் தாழ்ந்தே நிற்கும். பழைய அறிவிப்பாளர்களை இதே ஆசனத்தில் இருத்தியிருந்தால் அவர்களும் சில இடங்களில் தடுமாறியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இன்னொரு காரணம், பயிற்றுவிப்பவர்களின் தொடர் அறுந்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் தமிழ்க் கலைஞர்களும் ஒலிபரப்பாளர்களும் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் சிலருடைய குரல்களைப் பின்னர் இலண்டனிலும் கனடாவிலும் உள்ள தமிழ் வானொலிகளில் கேட்டோம். 1998 இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் பண்பலைகள் வந்தபோது, மூத்தவரின் அருகில் ஆண்டுக்கணக்கில் இருந்து பழகும் வழக்கத்துக்கு இருந்த இடம் மேலும் சுருங்கியது. இளையவர்களின் வேகமும், நேயரோடு தோளில் கைபோட்டதுபோல் பேசும் பேச்சும் அந்தப் பண்பலைகளால் பரவின. தேசிய சேவையும் அந்த அலையிலிருந்து தப்பவில்லை. இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: அந்த நெருக்கமான பேச்சை நான் வெறுக்கவில்லை. தபாலட்டை எழுதிப்போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தில், வன்னிக்குத் தபால் வருவதும் போவதும் தடைப்பட்டபோது, பிறந்தநாள் வாழ்த்துப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர்கள் அரிதாகவே ஒலித்தன. இன்று முள்ளியவளையில் இருந்து ஒரு பிள்ளை நேரடியாக அழைத்துப் பேசலாம். மொழி நயத்தில் இழந்ததற்கு ஈடாகக் கிடைத்தது என்று இதைச் சொல்லமாட்டேன். எனினும் இது சிறிய விடயமல்ல.

அம்மப்பாவின் தலைமுறை வானொலியைக் கேட்ட விதத்தை அறியாமல் அவருடைய மனக்குறையை அறிய முடியாது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில், வன்னிக்குக் கொண்டுவர முடியாத பொருள்களுள் பற்றரியும் ஒன்று. மின்சாரமும் இல்லை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் மிதியைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்னில் வானொலி கேட்டோம். டைனமோ தருவது ஆறு வோல்ட் ஆடலோட்டம் (ஏசி). அதை அப்படியே பெட்டிக்குக் கொடுத்தால் உறுமல் மட்டுமே கேட்கும், பெட்டியும் பழுதாகலாம். நான்கு இருவாயிகளால் (டயோட்) சீராக்கி, ஒரு கொள்ளளவியைக் (கப்பாசிற்றர்) குறுக்கே வைத்து, அதன்பின்னரே பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். அந்த நான்கு இருவாயிகளுக்காகப் பழுதான பெட்டிகளை நான் எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சுற்றும் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும். ஒரு பெட்டியைச் சுற்றி மூன்று நான்கு குடும்பங்கள் இருக்கும். சுற்றுவதற்கு முறை வைப்பார்கள். அவ்வளவு உழைப்பைக் கொடுத்துக் கேட்ட குரலை ஒருவர் எளிதில் மறக்கமாட்டார். பழைய நினைவு என்று அதை நீங்கள் பெயரிடலாம். ஆனால் அந்த நினைவுக்குப் பின்னால் உடலுழைப்பு இருக்கிறது.

அந்த நாள்களின் பெட்டிகளிலும் ஒரு பிரிவினையைக் கண்டேன். பகலில் மத்திய அலையில் இலங்கை வானொலி. இரவு ஒன்பதே கால் ஆகும்போது முள்ளு சிற்றலையில் பிபிசி தமிழோசைக்குப் போய்விடும். மணிலாவிலிருந்து வந்த கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸைக் கேட்ட வீடுகளும் இருந்தன. 1990 களிலிருந்து விடுதலைப் புலிகளின் வானொலியான 'புலிகளின் குரல்' நிலையமும் கேட்டது. காரணம் வெளிப்படையானது. எங்கள் மீது குண்டு விழுந்த நாளில், அரச வானொலியின் செய்தியில் சொல்லப்பட்டது நாங்கள் கண்டதோடு பொருந்தவில்லை. கூட்டுத்தாபனத்தின் பணிப்பாளர் சபையை அமைச்சரே நியமிக்கிறார் என்பதை அறியாதவர்களும், செய்தி யாருடைய பக்கத்திலிருந்து வருகிறது என்பதை அறிந்திருந்தார்கள். ஆயினும் அதே வானொலியின் நல்லூர்த் திருவிழா வர்ணனையையும் நாடகத்தையும் பாடலையும் யாரும் விடவில்லை. செய்தியை ஐயுற்றுக்கொண்டே அறிவிப்பாளரை நேசித்தார்கள். போர் முடிந்தபின் நிலைமை ஒரே நாளில் மாறிவிடவில்லை. தமிழோசையின் ஒலிபரப்பு 2017 இல் நின்றபோது, இரவு ஒன்பதே காலுக்கு இனி எதைப் போடுவது என்று என்னிடம் கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த இடத்தைத் தேசிய சேவை இயல்பாக நிரப்பியிருக்க வேண்டும். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தொலைக்காட்சிக்கோ கைத்தொலைபேசிக்கோ போனார்கள்.

கேட்பவர்கள் மாறியதற்குத் தொழினுட்பமும் காரணம். மத்திய அலை தரையோடு ஒட்டி நெடுந்தொலைவு வரும். இரவில் வானத்தின் உயரத்திலுள்ள அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவுக்குப் போகும். அதனால்தான் இரவில் தமிழ்நாட்டின் திருச்சி, தூத்துக்குடி வானொலிகள் எங்கள் நிலையங்களின் மேல் ஏறி நின்றன. பண்பலை அப்படியல்ல, கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவை விட அது சற்றே கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். வன்னியோ சமதரை; உயரத்துக்கு மலை கிடையாது. கிளிநொச்சிக்குத் தெற்கே கொக்காவிலில் முன்பிருந்த ஒலிபரப்புக் கோபுரம் 1990 இல் அழிந்தது. 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூன் 6 இல் திறக்கப்பட்டது. அந்த உயரத்துக்குக் கணக்குப் பார்த்தால் அடிவானம் ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் வரும். கிளிநொச்சி நகருக்கு அது தாராளம். காட்டோரக் கிராமங்களில் தாழ்வான இடத்தில் இருக்கும் வீட்டுக்கு இரைச்சல் கலந்தே கிடைக்கும். ஆகவே அம்மப்பாவின் பெட்டியில் மத்திய அலையும் சிற்றலையும் மட்டும் இருந்தால், நிலையம் பண்பலைக்கு நகர நகர அவருக்குக் கேட்பது குறைந்துகொண்டே போகும். நிலையம் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று அவர் எண்ணுவதில் ஒரு பகுதி அறிவிப்பாளரால் வந்தது அல்ல, அலைவரிசையால் வந்தது.

உங்கள் வயதுக்காரரைப் பற்றி நான் காண்பதையும் சொல்கிறேன். வானொலி முற்றத்திலிருந்து காதுக்குள் போய்விட்டது. கைத்தொலைபேசியில் பண்பலை வேலை செய்ய, செவிப்பன்னியின் (இயர்போன்) கம்பியே ஏரியலாக வேண்டும். அதைச் செருகியவுடன் கேட்பவர் ஒருவராகிவிடுகிறார். புதிய தொலைபேசிகள் பலவற்றில் அந்த வசதியும் இல்லை. இணையத்தில் கேட்டால் டேட்டா கரையும். இன்று வானொலியைத் தொடர்ந்து கேட்பவர்களாக நான் காண்பது ஏ9 வீதியில் ஓடும் பேருந்து ஓட்டுநர்கள், முச்சக்கரவண்டிக்காரர்கள், தையல் வேலை செய்யும் பெண்கள், வயலில் காவலிருப்பவர்கள், பிறகு அம்மப்பாவைப் போன்றவர்கள். முதல் மூன்று கூட்டத்தையும் தனியார் நிலையங்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன, ஏனெனில் விளம்பரதாரருக்கு அவர்கள் தேவை. வயற்காவலரும் முதியவரும் எந்த விளம்பரதாரருக்கும் தேவையில்லை. அவர்களுக்குப் பேசுவதற்கென்றே ஒரு தேசிய சேவை பொதுப்பணத்தில் இருக்கிறது.

இதனால்தான் 'சனத்தையும் தெரியாது' என்ற சொல் எனக்குக் கனமாகப்படுகிறது. 1996 இல் நாங்கள் கிளிநொச்சியை விட்டு மல்லாவியில் ஒரு மரநிழலில் இருந்தபோது, என் தாய்மாமன் இறந்த செய்தியை வானொலியின் மரண அறிவித்தலில்தான் அம்மா கேட்டார். பெயர், பிறந்த ஊர், வசித்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், கிரியை நடக்கும் இடம் என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்லப்பட்டன. ஊர்ப் பெயர் பிழைக்கவில்லை. ஊர்ப் பெயர் பிழைத்திருந்தால் அது வேறு யாரோ என்று அம்மா நினைத்திருப்பார். ஒட்டுசுட்டானையும் முத்தையன்கட்டையும் அக்கராயனையும் வற்றாப்பளையையும் தடுமாறாமல் சொல்வது வெறும் உச்சரிப்புத் திறமை அல்ல. அந்த இடங்கள் எங்கே இருக்கின்றன, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்திருப்பதன் அடையாளம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அந்த நீர் கனகராயன் ஆற்று வழியே கண்டாவளைப் பக்கம்தான் இறங்கும். மின்சாரம் நின்று, தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்த வீட்டில் மிஞ்சியிருக்கக்கூடியது இரண்டு பற்றரி போட்ட வானொலி. அந்த நேரத்தில் எந்தக் கதவு எவ்வளவு உயர்த்தப்பட்டிருக்கிறது, எந்தக் கிராமத்தவர் எழும்ப வேண்டும் என்பதைச் சரியான பெயரோடு சொல்லும் ஒரு குரலை விட உயர்ந்த அறிவிப்பாளர் எனக்குத் தேவையில்லை. அவருடைய ழகரம் சற்றே பிசகினால் பொறுத்துக்கொள்வேன்.

பழைய பொற்காலத்தைப் பற்றி அம்மப்பாவிடம் மெதுவாகக் கேட்கவேண்டிய ஒன்றும் உண்டு. அக்காலத்து ஒலிபரப்புத் தமிழ் எந்த ஊரின் வீட்டுப் பேச்சும் அல்ல. அதனாலேயே யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் முஸ்லிம்களும் தமிழ்நாட்டவரும் அதைத் தம்முடையதாகக் கேட்க முடிந்தது. அது பெரும் சாதனை. ஆனால் நாடகத்தில் ஊர்ப்பேச்சு வந்தபோது பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சே வந்தது. 1958, 1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் தங்கள் பேச்சை அந்த வானொலியில் அரிதாகவே கேட்டன. கேட்டபோதும் அது பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரத்தின் வாயிலிருந்து வந்தது. என் பக்கத்துக் கடைக்காரர் அப்படியான குடும்பத்தவர். "அந்தக் காலத்து றேடியோ நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா எங்கள மாதிரி யாரும் அதில பேசல" என்று அவர் ஒருமுறை சொன்னார். இன்றைய நேரடித் தொலைபேசி நிகழ்ச்சிகளில் அவருடைய மகளின் பேச்சு எந்தத் திருத்தமும் இல்லாமல் போகிறது. இதையும் சேர்த்தே தரத்தை அளக்க வேண்டும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வாறு அமைகிறது. மொழிக் கவனம் குறைந்தது உண்மை. அதற்குக் காரணம் ஆள்களை விட வேலைமுறையும் பயிற்சியின்மையும்தான் என்று நம்புகிறேன், பயிற்சியைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்றும் நம்புகிறேன். பழைய நினைவு அம்மப்பாவின் குறையில் ஒரு பங்கு வகிக்கிறது. டைனமோ சுற்றிய கைக்கு அந்த உரிமை உண்டு. இளையோர் கேட்காததற்கு அறிவிப்பாளர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கைத்தொலைபேசி எல்லா நாடுகளிலும் செய்ததையே இங்கும் செய்திருக்கிறது. தேசிய சேவை வன்னியைத் தன் நேயராக எண்ணிப் பேசுகிறதா என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். அதற்கு வன்னியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒலிவாங்கிக்கு முன்னால் வரவேண்டும். கொழும்பில் இருந்து பேசுபவர்களுக்கும் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் காலையில் அம்மப்பாவோடு அமர்ந்து கேளுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடங்களைத் திகதி, நேரத்தோடு எழுதி, எது மொழிப்பிழை, எது ஊர்ப்பெயர்ப் பிழை, எது அவருக்குப் பிடிக்காத பாணி என்று பிரித்து நிலையத்துக்கு அனுப்புங்கள். நேயர் மன்றக் காலத்தில் நாங்கள் அனுப்பிய கடிதங்களில், பொதுவாகத் திட்டியவற்றுக்குப் பதில் வந்ததில்லை. நேரமும் சொல்லும் குறிப்பிட்டவற்றுக்குச் சிலவேளை வந்தது. அதற்கு முன்னர் அவருடைய பெட்டியின் அலைவரிசைத் தட்டைப் பாருங்கள். பண்பலை இல்லாத பெட்டியானால் புதிதாக ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம். பண்பலை இருந்தும் இரைச்சல் வந்தால், ஏரியலின் அடியில் உள்ள திருகாணியில் துருப்பிடித்திருக்கக்கூடும். பற்றாசு (சோல்டர்) விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம். பழைய பெட்டியை எறிந்துவிட வேண்டாம். அதன் முள்ளு நிற்கும் இடத்தையும் மாற்ற வேண்டாம்.